விதை முளைக்கவில்லையா? முதலில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் நிழல்வலைக்குள் நாற்று விட்டு விற்பது எங்கள் பிழைப்பு. மிளகாய், தக்காளி, கத்தரி, காலிஃபிளவர், கேட்டால் பந்தல் காய்களும் உண்டு. பங்குனி பிறந்தால் ஆனி வரைக்கும் போனில் வருவது ஒரே கேள்விதான்: "விதை போட்டுப் பத்து நாளாச்சுங்க, ஒண்ணும் வரலை. டூப்ளிகேட் விதையா இருக்குமோ?" மார்கழியில் இதே கேள்வி மிளகாய்க்காரர்களிடமிருந்து மட்டும் இன்னொரு சுற்று வரும்.

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "தோண்டிப் பாத்தீங்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். சூட்டில் வெந்ததா, குளிரில் படுத்துக் கிடக்கிறதா, தண்ணீர் எட்டவில்லையா, நாம்தான் மூழ்கடித்துவிட்டோமா என்பதில் பாதி, விதையை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்.

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு போட்டு நாற்று விடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாடித்தோட்டத்துக்காரர்கள் தட்டு என்று வரும் இடத்தில் தொட்டி என்று படித்துக்கொள்ளலாம்.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

காலண்டரைப் பாருங்கள். தட்டுக்குள் 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் 3 முதல் 5 நாளில் தலைகாட்டும். தக்காளிக்கு 5 முதல் 7, கத்தரிக்கு 6 முதல் 8, மிளகாய்க்கு 7 முதல் 10, வெங்காயத்துக்கு 6 முதல் 10 நாள். இந்தக் கணக்கு தாண்டாதவரை தட்டைக் கிளற வேண்டாம். ஐந்தாம் நாளே மிளகாயைக் கிளறிக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

கணக்கு தாண்டிவிட்டதா? ஓர் ஈர்க்குச்சியால் பத்து விதையை வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுக்கக் கூடாது. ஓரத்துத் தட்டில் மூன்று, நடுத்தட்டில் மூன்று, வெயில் படும் பக்கம் இரண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு. வெள்ளைத் தட்டிலோ காகிதத்திலோ பரப்பி ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்துங்கள். அது இப்படி ஏதாவது ஒரு நிலையில் இருக்கும்:

- போட்டபோது இருந்த மாதிரியே சிறுத்து, கடினமாக.
- ஊறிப் பருத்து, கெட்டியாக; ஆனால் முனை (வேர்முளை) வரவில்லை.
- ஊறி, அழுத்தினால் கூழாகி, நாற்றத்தோடு.
- வெள்ளை முனை வந்து, அது பழுப்பாகிக் கருகி.
- விதையே காணோம்.

எது அதிகமோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். போகும்முன் இன்னும் இரண்டு வேலை. ஊசி வைத்த தெர்மாமீட்டரை விதை கிடக்கும் ஆழத்தில் செருகி, காலை 6 மணிக்கு ஒரு தடவை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். போனில் காட்டும் வெப்பநிலை உதவாது. கறுப்புத் தட்டுக்குள் இருப்பது வேறு கணக்கு. அடுத்து, ஒரு குழியில் இருக்கும் நார்க்கழிவைக் கையில் எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிடித்த பிடியில் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் சரியான பதம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் காய்ந்து கிடக்கிறது.

## விதை போட்டபடியே, சிறுத்துக் கடினமாக இருக்கிறது

தண்ணீர் விதைக்குள் போகவே இல்லை. செத்த விதைகூடத் தண்ணீரில் கிடந்தால் ஊறும். ஆகவே இங்கே விதை உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

### நார்க்கழிவு மேலே ஈரம், உள்ளே காய்ச்சல்

ஆகச் சாதாரணக் காரணம் இது. நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. பூவாளியால் ஊற்றினால் மேலே பளபளவென்று நனையும். தண்ணீர் குழியின் ஓரமாக வழிந்து அடி ஓட்டை வழியே போய்விடும். ஒரு குழியை அடியிலிருந்து விரலால் தள்ளி வெளியே எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேலே அரை விரல் கறுப்பு, கீழே காய்ந்த காப்பிப்பொடி நிறம் என்றால் கண்டுபிடித்தாயிற்று.

தட்டை அகலமான தொட்டியில் வைத்து, கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு 20 நிமிடம் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே ஊற்றாதீர்கள், விதை மிதந்து ஓரத்துக்குப் போய்விடும். அன்றைக்குக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். ஊறாத விதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த முறை விதைப்புக்கு முதல் நாளே கட்டியை ஊற வைத்து, இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் கிளறிப் பிழிந்து பார்த்து நிரப்புங்கள்.

### தோல் கெட்டியான விதை

வெண்டை, பாகல், புடலை, அகத்தி போன்றவை. ஈரம் சரியாக இருந்தும் நான்கில் ஒன்றுதான் ஊறியிருக்கும். மீதி இருக்கும் விதையில் ஐந்தை எடுத்து, மூக்கு இல்லாத பக்கமாக உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தேய்க்காத ஐந்தோடு சேர்த்துத் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் தேய்த்தது பருத்து, தேய்க்காதது அப்படியே கிடந்தால் தோல்தான் காரணம். வெண்டைக்கு ஓர் இரவு ஊறல் போதும். பாகலுக்கு நகவெட்டியால் முனையை லேசாக நறுக்கி, ஊற வைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒரே சீராக வரும்.

ஆனால் இதையே பீன்ஸுக்கும் தட்டப்பயறுக்கும் செய்துவிடாதீர்கள். பயறு வகைகள் வேகமாகத் தண்ணீர் குடித்தால் பருப்பு வெடிக்கும், ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும். அவற்றை ஈர மண்ணில் நேரே ஊன்றுவதே மேல். சிவப்பு, நீலம் என்று மருந்து பூசி வரும் வீரிய விதைகளையும் ஊற வைக்கக் கூடாது. மருந்து கரைந்து போகும், உங்கள் கையிலும் ஒட்டும்.

### ஈரம் இருக்கிறது, ஆனால் உப்பு

இது கொஞ்சம் ஏமாற்றும். நார்க்கழிவு நல்ல ஈரத்தோடு இருக்கும், விதை பாதி ஊறியதுபோல் சப்பையாகக் கிடக்கும். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், விதைக்குக் கிடைக்காது. விதையைப் பொறுத்தவரை அதுவும் வறட்சிதான். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தாலும், மண்புழு உரத்தை அள்ளிக் கலந்தாலும், விதைக்கும்போதே யூரியா கரைசல் தெளித்தாலும் இதே கதை.

பிழிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். மின்கடத்துதிறன் (EC, உப்பின் அளவு) காட்டும் மீட்டர் இருந்தால் 1 mS/cm-க்கு மேல் போகக் கூடாது. அதைவிட எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி: வாங்கிய நார்க்கழிவில் ஒரு தட்டு, அதையே நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊற வைத்து வடித்து இன்னொரு தட்டு, இரண்டிலும் ஒரே விதை. தக்காளி என்றால் ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். கழுவியதில் மட்டும் முளைத்தால் கழுவிப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் சந்தேகம் தண்ணீர் மேல் போகிறது. மழைத் தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ மூன்றாவது தட்டு வையுங்கள். தண்ணீர்தான் என்று தெரிந்தால் மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுப்பதைத் தள்ளிப் போட வேண்டாம். அந்தத் தண்ணீரில் நாற்று வளர்ந்தாலும் இலை ஓரம் கருகும்.

## ஊறியிருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, முனை மட்டும் வரவில்லை

இது கெட்ட செய்தி இல்லை. விதை உயிரோடு காத்துக்கொண்டிருக்கிறது. குறை அநேகமாகச் சூட்டில் இருக்கும். தெர்மாமீட்டரில் குறித்த இரண்டு எண்களையும் எடுங்கள்.

### காலை எண் 20-க்குக் கீழே

மார்கழி மிளகாய்க்காரர்களே, உங்களுக்குத்தான். 25 டிகிரியில் 8 நாளில் வரும் மிளகாய், 20-இல் 13 நாள் எடுக்கும், 15-இல் 25 நாள். தக்காளி கொஞ்சம் தாங்கும்: 25-இல் 6, 20-இல் 8, 15-இல் 14. தக்காளி வந்து மிளகாய் வராத செட்டைப் பார்த்தால் நான் விதை பாக்கெட்டைக் கேட்பதே இல்லை, தெர்மாமீட்டரைத்தான் கேட்பேன்.

பத்து நாள் பிந்துவதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைக்கலாம். ஊறிய விதை குளிர்ந்த ஈரத்தில் எத்தனை நாள் படுத்திருக்கிறதோ, அழுகல் பூஞ்சைக்கு அத்தனை நாள் விருந்து. எட்டாம் நாள் கெட்டியாக இருந்தது பதினெட்டாம் நாள் கூழாகும்.

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி தொட்டியில் நின்று குளிர்ந்த தண்ணீரை விடியற்காலையில் ஊற்றுவதை நிறுத்துங்கள். போரிலிருந்து நேரே வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதைக் காலை 10 மணிக்கு மேல் கொடுங்கள். ஈரத்தைக் குறையுங்கள், காற்றடிக்கும் இடத்தில் சொதசொதவென்று இருக்கும் தட்டு, ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி, சுவரோரமாக, கீழே பலகை போட்டு வையுங்கள். இவ்வளவு செய்தும் காலை எண் ஏறவில்லை என்றால் விதைத்த தட்டுகளை மூடிய அறைக்குள் வைப்பது, பல்பு போட்டுச் சூடேற்றுவது என்று போக வேண்டியிருக்கும். கொடைக்கானல் மேலே இருப்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது லாபம்.

### மதிய எண் 35-க்கு மேலே

அக்கினி நட்சத்திரக் கோளாறு. மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கம் சொல்லும். தட்டுக்கு அது ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். தக்காளியும் மிளகாயும் 35 வரை தடுமாறிக்கொண்டே வரும். தக்காளிக்கு 6 நாள் 9 ஆகும். 40-ஐத் தொட்டால் இரண்டுமே முளைக்காது. வெண்டையும் வெள்ளரியும் அந்தச் சூட்டிலும் சிரித்துக்கொண்டு வரும், அவற்றை வைத்து மற்றதை எடை போடாதீர்கள்.

குளிர்ச்சி கேட்கும் விதைகள் இதைவிடச் சீக்கிரம் வாயை மூடிக்கொள்ளும். லெட்யூஸ் 30 டிகிரி தாண்டினாலே உறங்கப் போய்விடும். கேரட்டும் கொத்தமல்லியும் பெரிதாகச் சளைத்தவை இல்லை. சித்திரையில் கொத்தமல்லி போட்டுவிட்டு விதைக்காரரைத் திட்டுவது ஒவ்வொரு வருடமும் நடக்கும் சடங்கு.

கொத்தமல்லிக்கு நான் செய்வது: விதையைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊற வைத்து, வடித்து, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு நாள் வைப்பேன். சாயங்காலம் விதைத்து, தென்னை ஓலையால் மூடி, பாத்தியைச் சாக்கால் போர்த்துவேன். முளை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

மற்ற தட்டுகளுக்கு: நிழல்வலை 50 சதவீதமாக இருந்தால் முளைக்கும்வரை அதன்மேல் இன்னொரு வலையோ ஓலையோ போடுங்கள். கறுப்புக் குழாயில் வெயிலில் நின்ற தண்ணீரைச் சுடச்சுடத் தட்டில் விடாதீர்கள். முதல் ஒரு நிமிடத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு அப்புறம் தட்டுக்குத் திருப்புங்கள். தரையில் சாக்கு விரித்து நனைத்து வைத்தால் அதுவே நன்றாகக் குளிர்விக்கும். விதைப்பை மாலைக்கு மாற்றினால் முதல் ஊறல் ராத்திரிக் குளிர்ச்சியில் முடிந்துவிடும்.

### இரண்டு எண்ணும் சரியாக இருக்கிறது

விதை புதிது, அறுவடை செய்து சில வாரம்தான் ஆகிறதா? சில நெல் ரகங்கள், சூரியகாந்தி போன்றவற்றுக்கு அறுத்த உடனே உறக்கம் உண்டு. ஒரு மாதம், ஒன்றரை மாதம் வைத்திருந்து மறுபடி பாருங்கள். அவசரம் என்றால் உறக்கம் கலைக்க மருந்து உண்டு. அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள், கண்ணளவு வேண்டாம்.

## அழுத்தினால் கூழ், நாற்றம்

முதலில் மோந்து பாருங்கள். சாக்கடை மாதிரி நாறினால் தண்ணீர் அதிகம். வேக வைத்த பயறு மாதிரி வாசம் வந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. கிண்டல் இல்லை, மூக்கு இதில் நன்றாகவே வேலை செய்யும்.

### தண்ணீர் அதிகம்

விதைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். தட்டின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா, தட்டு தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, நார்க்கழிவைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றுமே இலவசத் திருத்தம். அடுக்கி மூடி வைத்திருக்கும் தட்டுக்கு முளை வரும்வரை பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது. விதைத்த அன்று பதமாக நனைத்து மூடினால் அந்த ஈரமே போதும். தினமும் பாலித்தீனைத் தூக்கி ஒரு தெளி தெளிப்பவர்களிடம்தான் இந்த நாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யாமல் இருக்க நம் ஆட்களுக்கு மனசு வராது.

### அடுக்குக்குள் வெந்தது

நெல் முளைகட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். 24 மணி நேரம் ஊறிய நெல்லை மூட்டையில் இறுக்கி வைத்தால் அது தானே சூடேறும். பெரியவர்கள் மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்து, சுட்டால் தண்ணீர் தெளித்துப் புரட்டுவார்கள். ஓரத்து நெல் முளைத்து, நடு நெல் முளைக்காமல் பிசுபிசுத்தால் அந்தப் புரட்டல் நடக்கவில்லை என்று அர்த்தம்.

தட்டு அடுக்கில் சூடு வெளியிலிருந்து வருகிறது. பாலித்தீன் தாளில் வெயில் நேரே விழுந்தால் உள்ளே 40 தாண்ட ஒரு மதியம் போதும். அடுக்கின் மேல் தட்டும் மேற்குப் பக்கமும் மட்டும் வெந்திருந்தால் வெயில்தான். அடுக்கை மூடுவது கோடையில் கொட்டகைக்குள், கூரைக்குக் கீழே மட்டும்.

### இரண்டும் இல்லை

பழைய விதை. முளைக்கச் சக்தி இல்லாமல் ஊறி, அப்படியே அழுகும். லேபிளில் பரிசோதனைத் தேதியைப் பாருங்கள். சான்று விதைக்கு அந்தத் தேதியிலிருந்து 9 மாதம் கெடு. கெடு இருந்தும் பாக்கெட்டை மோட்டார் அறையிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ வைத்திருந்தால் அது கிழடாகியிருக்கும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் ஏறினாலோ, வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி ஏறினாலோ, ஆயுள் பாதியாகும் என்பது விதைக்காரர்கள் பழகிய கணக்கு. வெங்காய விதை இதில் ரொம்பக் கோபக்காரன், ஒரு வருடம் தாண்டினால் நம்ப முடியாது.

## வெள்ளை முனை வந்து கருகிவிட்டது

நான் அதிகப் பணம் விட்டது இதில்தான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், சித்திரை. 120 தட்டு மிளகாய், எல்லாம் ஒருவரே கேட்ட நாற்று. அடுக்கி மூடி, ஆறாம் நாள் காலையில் திறந்தேன். முனை வந்திருந்தது. சந்தோஷமாகத் தட்டுகளைப் பிரித்துப் பாத்தியில் பரப்பிவிட்டு, பழனியில் ஒரு கல்யாணம், போய்விட்டேன். தண்ணீர் விட வேண்டிய பையனிடம் "சாயங்காலம் ஒரு தடவை நனைச்சிரு" என்று சொன்னதோடு சரி. அன்று மதியம் அனல் காற்று. நாலு மணிக்கு அவன் நனைத்தான், சொன்னதைச் சரியாகத்தான் செய்தான். மறுநாள் நான் வந்து பார்த்தபோது தட்டெல்லாம் நல்ல ஈரம். நான்கு நாள் காத்திருந்தேன், பச்சை வரவில்லை. தோண்டினால் ஒவ்வொரு விதையிலும் கடுகளவு முனை, அதன் நுனி மட்டும் டீத்தூள் நிறம். எண்பது தட்டுக்கு மேல் போயிற்று. நான்கைந்து மணி நேரக் காய்ச்சல்தான் மொத்தமும்.

முனை வெளியே வருவதற்கு முன் விதை காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும், மறுபடி ஈரம் பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மானாவாரிக்காரர்கள் விதையைச் சில மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்தி விதைப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். முனை வெளியே வந்தபின் திரும்பும் வழி இல்லை. ஒரு மதியம் காய்ந்தால் முடிந்தது. வயலில் விதைத்த மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்று ஒன்று விடுகிறோமே, அந்தப் பெயரைக் காரணமில்லாமல் வைக்கவில்லை.

எப்படிச் சரிபார்ப்பது: கருகியது தட்டின் ஓரக் குழிகளில், வெளிவரிசைத் தட்டுகளில், காற்று வரும் பக்கம் அதிகமா? அப்படியானால் காய்ச்சல். தட்டு முழுக்க ஒரே மாதிரியா, முனை நுனி வளைந்து தடித்திருக்கிறதா? அப்போது உப்பையோ, போட்ட மருந்தின் அளவையோ சந்தேகியுங்கள்.

கருகிய தட்டைக் காப்பாற்ற முடியாது. மீதியைக் காப்பாற்ற: அடுக்கைத் திறப்பது மாலையில் மட்டும். மூன்றாம் நாளிலிருந்தே தினம் மாலை ஒரு தட்டைத் திறந்து பாருங்கள். நூறில் ஐந்து முனை தெரிந்தால் அன்றே பரப்புங்கள். மூடியபடியே விட்டால் தண்டு நூலாக நீண்டுவிடும், அது வேறு தலைவலி. பரப்பிய முதல் மூன்று நாள் கோடையில் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை பூப்போல நனைக்க வேண்டும். பரப்பிய அன்று ஊருக்குப் போகாதீர்கள்.

## சில குழியில் வந்திருக்கிறது, சில குழியில் இல்லை

வெற்றுக் குழிகள் எங்கே இருக்கின்றன என்று தட்டைத் தள்ளி நின்று பாருங்கள்.

ஓரத்தில் வரிசையாக வெற்று என்றால் ஓரம் காய்கிறது. பூவாளியை நடுவிலேயே ஆட்டுகிறீர்கள். ஒரு பக்கமாக வெற்று என்றால் தட்டு சாய்ந்திருக்கிறது, தண்ணீர் ஒரு மூலையில் தேங்குகிறது. கணக்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் ஆழம். மிளகாய், தக்காளிக்கு அரை சென்டிமீட்டர் குழி போதும். விரல் முனையால் ஆளுக்கொரு ஆழத்தில் அழுத்தினால் மேலே இருப்பது காயும், ஆழத்தில் இருப்பது பிந்தும். ஒரு தட்டின் 98 குழிக்கும் ஒரே அழுத்தில் பள்ளம் போட, மரப்பலகையில் ஆணித்தலை மாதிரிக் குமிழ்கள் அடித்த அச்சு ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொண்டோம். அதற்கப்புறம் இந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது.

தட்டுக்குத் தட்டு வித்தியாசம் என்றால் எந்தத் தட்டு எந்தப் பாக்கெட் என்று குறித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த முறை கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை பாக்கெட்டில் இருக்கும் லாட் (விதைத் தொகுதி) எண்ணைத் தட்டின் ஓரத்தில் எழுதுங்கள்.

## முளைத்தது, ஆனால் சரியில்லை

விதைத்தோல் தொப்பி போல இலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலாக விதைத்திருக்கிறீர்கள், அல்லது முளைக்கும் நேரத்தில் மேற்பரப்பு காய்ந்திருக்கிறது. மாலையில் நனைத்து ஒரு ராத்திரி விட்டால் பாதி தானே கழன்றுவிடும். விரலால் பிய்த்தால் இலையும் வரும்.

தண்டு அடியில் நீர் கோத்ததுபோல் மெலிந்து நாற்று சாய்ந்தால் நாற்றழுகல். தண்ணீரை உடனே குறையுங்கள், சாய்ந்த குழிகளைச் சுற்றி ஒரு வரிசை சேர்த்து எடுத்தெறியுங்கள், காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். விதைக்கும்போதே கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்திருந்தால் இந்த நிலை அநேகமாக வராது.

## விதையே இல்லை

எறும்பு, எலி. எறும்பு சிறு விதைகளைத் தூக்கும், குழி கலையாது. எலி வந்தால் குழி தோண்டியிருக்கும், பக்கத்தில் பாகல், வெள்ளரித் தோல் கிடக்கும். பாத்தியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

## எப்போது வெளியே உதவி கேட்பது

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் வீட்டிலேயே விதையைத் தனியாகச் சோதியுங்கள். மீதியிருப்பதில் 50 விதை, ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் தளர்வாகக் கட்டி, சமையலறையில் வெயில் படாத மூலையில் வையுங்கள். துணி சொட்டவும் கூடாது, காயவும் கூடாது. மிளகாய் என்றால் 7-ஆம் நாள் ஒரு எண்ணிக்கை, 14-ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. தக்காளிக்கு 5, 14.

வந்த எண்ணைச் சட்டம் கேட்கும் எண்ணோடு வைத்துப் பாருங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு மிளகாய்க்கு 60 சதவீதம், தக்காளி, கத்தரி, வெங்காயத்துக்கு 70, வெண்டைக்கு 65, நெல்லுக்கு 80. மிளகாயில் 98 குழிக்கு 60 நாற்று வந்தால் வயிறு எரியும், ஆனால் சட்டப்படி அது தேறிய விதை. லேபிளில் அதைவிடக் கூடுதலாக அச்சிட்டிருந்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

துணியில் நன்றாக வந்து தட்டில் வரவில்லை என்றால் குறை நம் பக்கம். மேலே போய் மறுபடி படியுங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். போட்டோ வேண்டாம், தட்டே வேண்டும்.

துணியிலும் வரவில்லை என்றால்தான் விதை மேல் புகார். மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தால் 400 விதையை வைத்துப் பார்ப்பார்கள். புகாராகவே எடுத்துச் செல்வதானால் விதை ஆய்வாளரிடம் போக வேண்டும். பில், லேபிள், லாட் எண் தெரியும் காலிப் பாக்கெட், பிரிக்காத பாக்கெட் ஒன்று மிச்சமிருந்தால் அது, இத்தனையும் வேண்டும். பாக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மிளகாய்க்குச் சோதனையே 14 நாள் ஓடும், அதனால் முடிவுக்குக் காத்திருந்து பட்டத்தைத் தவறவிடாதீர்கள். மாதிரி கொடுத்த அன்றே வேறு லாட்டில் வாங்கி மறு விதைப்பு போட்டுவிடுங்கள், மாலையில்.